ஏழாவது படி

ஆறாவது படியும் தெரிந்துவிட்டது.

வசுந்தரா கொல்லைப்புற நீச்சல் குளத்தின் ஓரத்தில் காபி டம்ளரோடு நின்றாள். காபி, வேலை பார்க்கும் காசிமாயனுக்கு. பாதி காபி டவராவில் சிந்திக் கிடந்தது.

இன்னும் ஒரு படிதான். அதற்குக் கீழே தரை. தரையில் அவளுடைய மாமியாரின் கெம்புக்கல் வளையல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கொடியில் காய்ந்த ரவிக்கை ஒன்று காற்றில் பறந்து இந்தக் குளத்தில் விழுந்தது. எட்டி எடுக்கப் போனாள். கொழுந்தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள மாமியார் கொடுத்திருந்த வளையல், ஒல்லிக் கையிலிருந்து நழுவிப் பச்சைத் தண்ணீருக்குள் போய்விட்டது.

மாமியார் சாரதாம்பாள் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு வெள்ளிக் கிண்ணத்தைத் தொலைத்ததற்கே மூத்த மருமகள் எட்டு மாதம் பிறந்த வீட்டில் கிடந்தாள். அதனால் வசுந்தரா, பீரோவில் வைத்த வளையலைக் காணோம் என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பீரோ இருந்த மாடி அறையைப் பெருக்குகிறவள் தங்கப்பொண்ணு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இரண்டாம் நாள் திரும்பியபோது அவளுக்கு வலது கை மடங்கவில்லை. தன் துணிமணியை எடுக்க வந்தவள் வசுந்தராவை ஒரு முறை பார்த்தாள். வசுந்தரா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள் மாதிரி நின்றாள்.

அதற்கப்புறம் குளத்தைச் சுத்தம் பண்ணும் பேச்சு வந்தபோதெல்லாம் அவள்தான் குறுக்கே விழுந்தாள். பாம்பு இருக்கிறது என்றாள். ஆகாத மாதம் என்றாள். பாசி மண்டி மண்டி, கே.கே. நகரில் அது 'பச்சைக்குளத்து வீடு' என்றே ஆகிப்போனது.

இந்த வருஷம் நாத்தனார் பம்பாயிலிருந்து பிள்ளைகளோடு வருகிறாள். பிள்ளைகள் நீந்த வேண்டுமாம். வசுந்தராவின் கணவர் சௌந்தரராஜன் முடிவு பண்ணிவிட்டார். மழை பொய்த்த வருஷம். இறைத்துவிட்டால் திரும்ப நிரப்பத் தண்ணீர் கிடையாது. இருக்கிற தண்ணீரையே தெளியவைக்க வேண்டும். ஆள் தேடுவது தெரிந்து, வண்டியூரில் கிணறு தூர் வாருகிற காசிமாயன் தானே வந்து வேலை கேட்டான்.

முதல் நாள், அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என வெகுநேரம் முங்கி முங்கி எழுந்தான். அப்புறம் பிளீச்சிங் பவுடர், படிகாரம். மோட்டாரில் குழாய் மாட்டி, அடியில் படிந்த சகதியை மட்டும் உறிஞ்சித் தென்னைக்கு விட்டான். தண்ணீர் நாளுக்கு ஒரு படி தெளிந்தது. வசுந்தராவுக்கு நாளுக்கு ஒரு பிடிச் சோறு குறைந்தது.

நாலாவது படி தெரிந்த அன்று ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவு பண்ணினாள். சாயப்பட்டறைக்காரர் வீட்டுப் பெண், வேறென்ன தோன்றும்? அப்பாவின் பட்டறையிலிருந்து இரண்டு பொட்டலம் பச்சைச் சாயப்பொடியை எடுத்துவந்து, மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் குளத்தில் கொட்டினாள். தண்ணீர் பழையபடி பச்சை. அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காசிமாயன் வந்தான். குளத்தைப் பார்த்தான். பச்சை ஏறியிருந்த அவள் விரல்களைப் பார்த்தான். இன்னொரு மூட்டைப் படிகாரத்தைப் போட்டான். படிகாரம் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பது பட்டறையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். பயத்தில் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

இப்போது மோட்டார் நின்றது. அலை அடங்கியது.

ஏழாவது படி தெரிந்தது.

தரையும் தெரிந்தது. வெள்ளை டைல்ஸ், அதன் இடுக்கில் கறுத்த கோடு, எல்லாம் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. வசுந்தரா மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள்.

வளையல் இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. சகதியோடு சகதியாகத் தென்னை மூட்டுக்கே போயிருக்கும். மீனாட்சித் தாயே, காப்பாற்றிவிட்டாய் என்று டம்ளரும் கையுமாகவே கும்பிட்டாள்.

"தேடாதீங்கம்மா. மொத நாளே முங்கி எடுத்துட்டேன்." காசிமாயன் தலையை நிமிர்த்தாமல் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "எட்டடி ஆழத்துப் பக்கந்தான் கெடக்கும்னு தங்கப்பொண்ணு சொல்லித்தான் அனுப்பிச்சா. அவ எங்கூடப் பொறந்தவ."

டம்ளர் கைநழுவிக் குளத்தில் விழுந்தது. தரையைத் தொடும்வரை அது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்படியானால் மாடியில் பெருக்கிக்கொண்டிருந்தவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள். அடி வாங்கிய இரண்டு நாளும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வசுந்தரா வாயைத் திறந்தாள். கேட்காமலே அவன் பதில் சொன்னான்.

"அன்னைக்கே சொல்லிருப்பா. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்துருக்கா. இப்ப வாசல்ல நிக்கிறா. வளையல அவ கையாலயே பெரியம்மாட்டக் குடுக்கணுமாம். நீங்க வந்து பக்கத்துல நின்னாப் போதுமாம்."

முன்பக்கம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. உடனேயே சாரதாம்பாளின் குரலும் கேட்டது.

"அடி திருடி, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்த?"

வசுந்தரா ஓடினாள்.

அன்றைக்கு நின்ற அதே அடுக்களைக் கதவு வரைக்கும்தான் கால் வந்தது.