காதைத் தொட்டால் இடது பக்கம்

என் மூத்த மருமகள் போன செவ்வாய்க்கிழமை பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னது இது. கல்லூரியில் படித்தபோது பாஸ்கெட்பால் டீமுக்கு அவள்தான் கேப்டன்.

அந்த டீமில் ‘ஒட்டகம்’ என்று ஒருத்தி. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பாதிப் பாயிண்ட் அவள் கையால்தான் விழும். அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்ததால் வருஷத்தின் நடுவில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். போயும் போயும், அரையிறுதியில் இவர்களோடு மோதப்போகும் கல்லூரிக்கே!

“நம்ம சைகையெல்லாம் அவளுக்கு அத்துப்படிடி,” என்றாள் கேப்டன். “காதைத் தொட்டா இடது பக்கம், முட்டியைத் தட்டினா வலது பக்கம். இந்நேரம் அங்க ஒண்ணுவிடாம ஒப்பிச்சிருப்பா.”

“சேச்சே, அவ அப்படிப்பட்டவ இல்லடி.”

“உனக்கென்ன, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எனக்கு இது கடைசி வருஷம். இதுல தோத்தா அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

அன்றைக்கே ஒட்டகத்தை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கினார்கள். பத்தே நாளில் சைகைகள் அத்தனையும் மாறின. பயிற்சியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கியதுதான் மிச்சம்.

ஆட்டத்தன்று கேப்டன் மூக்கைத் தொட்டாள். ஒருத்தி இடது பக்கம் ஓடினாள், இன்னொருத்தி வலது பக்கம். பந்து யார் கையிலும் சிக்காமல் வெளியே போனது.

“மூக்குன்னா என்னடி?”

“நிஜமாவே அரிச்சுதுடி!”

பாதி ஆட்டம் முடியும்போது பதினோரு பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் எல்லோர் மண்டையையும் குடைந்தது வேறு விஷயம். எதிர் டீம் ஒட்டகத்தை இறக்கவே இல்லை. ஜெர்சியும் ஷூவுமாக பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“கால்ல அடிபட்டிருக்குமோ?”

“நல்லாத்தானே நடந்து வந்தா?”

“பின்ன ஏன்?”

இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில் கேப்டன் அவளை மடக்கினாள்.

“என்னடி, நம்ம சைகையெல்லாம் வித்துட்டு ஹாயா உக்காந்திருக்கியா?”

ஒட்டகம் நிதானமாக முகம் கழுவினாள். “சேர்ந்த அன்னைக்கே கேட்டாங்க. சொல்ல மாட்டேன்னுட்டேன். அப்ப பெஞ்சுலயே இருன்னுட்டாங்க.”

கேப்டன் கழுத்தில் கிடந்த டவலை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“அதை விடு,” என்றாள் ஒட்டகம். “நான் போனப்புறம் இப்ப நான் இருக்கிற காலேஜ்லேருந்து ஒரு பொண்ணு உங்க டீமுக்கு வந்தாளாமே? பிரமாதமா ஆடுவான்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. அவளை ஏன் இறக்கல?”

கேப்டன் தானும் முகம் கழுவக் குனிந்தாள். எப்படி நிமிர்வாள்? அந்தப் பெண் வந்து சேர்ந்த முதல் நாளே, “உங்க பழைய டீமோட சைகையெல்லாம் சொல்லு” என்று கேட்டவள் கேப்டன்தான். மாட்டேன் என்றதும், கோச்சின் காதைக் கடித்து அவளை பெஞ்சில் உட்காரவைத்தவளும் அவளேதான்.

“அப்புறம்?” என்று கேட்டேன்.

“ரெண்டாம் பாதியில அவளை இறக்கினோம் அத்தை. மூணு பாயிண்ட்ல தோத்தோம். நல்லா ஆடித்தான் தோத்தோம்.”

அந்த இரண்டு பெண்களையும், எங்கே இருந்தாலும், ஆண்டவன் நல்லபடி வைக்கட்டும்.

உங்கள் ஆபீசுக்கோ வீட்டுக்கோ புதிதாக யாராவது வந்தால், முதல் நாள் ‘சாப்பிட்டாயா’ என்று மட்டும் கேளுங்கள். பழைய இடத்துக் கதையைக் கேட்காதீர்கள்.