செலவில்லாத வேலி

செல்லாத்தாள் தன் மக்காச்சோள வயலைச் சுற்றி வேலியாகக் கட்டியிருந்த பழைய சேலைகளில் ஒரு சிவப்புச் சேலைக்குப் பெருமை தாங்கவில்லை. கதிர் தின்ன வந்த காட்டுப்பன்றி, அது படபடப்பதையும் அதிலிருந்து வந்த மனுஷ வாடையையும் உணர்ந்து எட்டவே நின்றுவிட்டது.

"விதைக்குக் காசு, உரத்துக்குக் காசு, புழுமருந்துக்குக் காசு. எங்க செல்லாத்தாளுக்குச் செலவே வைக்காம உழைக்கிறது நான் ஒருத்திதான்" என்றது சேலை.

"கெட்டிக்காரிதான் அக்கா நீ" என்றது பன்றி. "போன வருசம் உன் பக்கத்துல பச்சையா ஒருத்தி நின்னாளே, எங்கே?"

"வெயில்ல இத்துப்போயிட்டா. நானும் இந்த அறுவடையோட சரி. அடுத்த வருசம் வேற ஒருத்தி வருவா."

"யாரு வருவா?"

"செல்லாத்தா புதுசு எடுத்ததும், இப்ப உடுத்துறதைக் கொண்டுவந்து இங்கே கட்டுவா."

"எப்ப எடுப்பா?"

"சோளம் வித்த கையோட எடுக்கிறேன்னுதான் ஒவ்வொரு வருசமும் சொல்றா. போட்ட காசு போக ஏதாவது மிஞ்சணுமே."

"மிஞ்சுச்சா?"

சேலை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. செல்லாத்தாளின் மாற்றுச் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் முந்தானையில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

பன்றியும் அதைப் பார்த்தது. பிறகு வேப்பமர நிழலில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

"நீ நல்லாக் காவல் இரு அக்கா" என்றது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. அடுத்த வருசம் வந்து சாப்பிட்டுக்கிறேன்."