சூளை ஆறும் வரை

சாயக் கழிவை வடிகட்டும் பீங்கான் குழாய் அது. நீரில் ஊறிய அந்த வெள்ளைக் குழாயின் ஒரு முனையைத் தமயந்தி ரப்பர் மூடியால் அடைத்தாள். மறுமுனையில் காற்றுப் பம்பை மாட்டினாள். தொட்டி நீரில் அமுக்கினாள்.

சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான்.

குழாய் வாங்க வந்திருந்த சாயப்பட்டறைக்காரர்கள் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு குமிழி இல்லை.

பீங்கான் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நனைந்த துளைகளில் நீர் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த அளவு காற்றுக்கு அது வழிவிடாது. கீறல் இருந்தால் மட்டும் காற்று வெளியே வரும்.

கீறல் இருந்தால், நாளைக்குச் சாயக் கழிவும் அதே வழியில் வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் அவள் ஊருக்குப் போகிறது.

"எல்லாமே இதே தரம்தான் சார்" என்றார் முதலாளி.

பொய். இந்த ஒன்று மட்டும் போன மாதச் சூளையில் வெந்தது. சூளை மூடியே கிடந்து, பொறுமையாக ஆறியது. முதலாளி இதில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்திருந்தார். இதை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார்.

பெட்டியில் இருப்பவை இந்த வாரத்தவை. ஆறட்டும் என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டாள். ஆள் வருகிற அவசரத்தில் அவர் சூளைக் கதவைத் திறக்க வைத்தார். குளிர்ந்த காற்று பட்டதும் உள்ளே குழாய்கள் டிக் டிக்கென்று கீறல் விடும் சத்தம்.

காலையில் கூப்பிட்டுச் சொன்னார். "அவங்க முன்னாடி நீ வாயத் தொறக்கக் கூடாது, தமயந்தி."

சரி. திறக்கவில்லை.

பெட்டியில் கையை விட்டு இன்னொரு குழாயை எடுத்தாள். நீரில் ஊறவிட்டாள். அடைத்தாள். மாட்டினாள். அமுக்கினாள்.

நடுவில் ஓரிடத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

முதலாளி இருமினார்.

அடுத்த குழாய். குமிழிகள்.

அதற்கடுத்தது.

அவர் கண்ணால் கெஞ்சினார். பிறகு கண்ணால் மிரட்டினார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

வந்தவர்களில் மூத்தவர் நிமிர்ந்தார். நல்ல குழாய் தயாரானால் சொல்லியனுப்புங்கள் என்றுவிட்டுக் கிளம்பினார்.

கார் கேட்டைத் தாண்டும் வரை முதலாளி சிரித்த முகமாக நின்றார்.

"நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வழியில் சூளை. மதியம்தான் நெருப்பை அணைத்திருந்தார்கள். உள்ளே அடுத்த சுமை. அவள் பிசைந்த மண். அவள் அடுக்கிய குழாய்கள். சாயங்காலத்துக்குள் இவர் இதையும் திறந்துவிடுவார்.

சைக்கிளை நிறுத்தினாள். சக்கரத்திலிருந்து சங்கிலிப் பூட்டை உருவினாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, சூளைக் கதவின் பிடியையும் நிலையிலிருந்த இரும்பு வளையத்தையும் சேர்த்துச் சங்கிலியைக் கோத்துப் பூட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"ஏய்! சாவியக் குடு!" முதலாளி ஓடி வந்தார்.

சாவியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நாளன்னிக்கு வரேன் சார். ஆறட்டும்."

அவர் கதவுப் பிடியைப் பிடித்து இழுத்தார்.

உடனே கையை உதறிக்கொண்டார்.