ஒரே பெயர், இரண்டு குரல்

அந்த அலுவலகத்தில் சர்வர் தினமும் காலையில் கம்ப்யூட்டர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாரிடம் என்ன இருக்கிறது என்று தானாகவே விசாரித்துக்கொள்ளும். பதில் சொன்னவர்களுக்கு வைரஸ் தடுப்பு உண்டு.

சுவரோரக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அது கிடைத்ததே இல்லை. ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் நகலாக அதைத் தயார் செய்தவர்கள், பெயரையும் சேர்த்தே நகலெடுத்துவிட்டார்கள். சர்வர் அந்தப் பெயரைச் சொல்லி, “பில்லிங்!” என்றதும் ஜன்னலோரத்தார் முந்திக்கொள்வார்: “உள்ளேன் ஐயா!”

“நான் ஒருத்தன் இருக்கிறதே சர்வருக்குத் தெரியாதுண்ணே,” என்று ஒருநாள் ஜன்னலோரத்தாரிடம் சுவரோரம் விசும்பியது.

மறுநாள் கூப்பிட்டபோது ஜன்னலோரத்தார் வாயே திறக்கவில்லை.

“உள்... உள்ளேன் ஐயா.”

“குரல் வேற மாதிரி இருக்கே?” என்றது சர்வர்.

“நாங்க ரெண்டு பேருங்கய்யா!” என்றார் ஜன்னலோரத்தார்.

“அடடா!” என்ற சர்வர் சுவரோரத்திடம், “இனிமே நீ பில்லிங் ரெண்டு,” என்றது.

அடுத்த காலையில் சர்வர், “பில்லிங் ஒண்ணு,” என்றது.

“உள்ளேன் ஐயா!” என்று கத்தியது சுவரோரம்.

“டேய், அது நான்டா!” என்று சிரித்தார் ஜன்னலோரத்தார்.