குளித்துவிட்டு வருகிறவன்

இன்றைக்கும் புருஷன் தலை ஈரமாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தான். சட்டையில் வாசனை சோப்பு கமகமத்தது. தையல்காரிக்கு வயிறு எரிந்தது.

அவனுக்குக் கல் அறுக்கும் பட்டறையில் வேலை. போன மாதம் வரை மாவு மில்லிலிருந்து வருகிறவன் மாதிரி வெள்ளை வெளேரென்று வருவான். வந்த வேகத்தில் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். இப்போது புதுமாப்பிள்ளை கணக்காக வருகிறான்.

"என்ன, பட்டறையில குளியலறை கட்டிட்டாங்களா?"

"ஆமா... அப்படித்தான்" என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

புளுகு! அங்கே கை கழுவக்கூடக் குழாய் கிடையாது. ராத்திரியெல்லாம் மூச்சு இளைத்துக்கொண்டிருந்த மகள் இந்த மாதம்தான் அசந்து தூங்குகிறாள், புது மருந்து கேட்டிருக்கிறது. அந்த நிம்மதியை அனுபவிக்க விட்டானா பாவி?

மறுநாள் மிஷினை மூடிவிட்டு, பட்டறைக்கு எதிரே மறைந்து நின்றாள். வேலை விட்டதும் அவன் நேரே பின்தெருவுக்குப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். வாட்டசாட்டமான ஒருத்தி கதவைத் திறந்து, உரிமையோடு துண்டை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

தையல்காரி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். கொடியில் ஒன்றல்ல, ஏழெட்டு ஆம்பளைச் சட்டைகள்!

"அடிப்பாவி! என் புருஷன் ஒருத்தன் பத்தலையா உனக்கு? ஊரான் புருஷனெல்லாம் வேணுமா?"

அந்தப் பெண் பதறவில்லை. "உங்கிட்ட சொன்னா நீ வேலைய விடச் சொல்லுவேன்னு பயந்தாரு. அதான் சொல்லல."

"பின்ன? இங்க வரத்தான் அந்த வேலையா?"

"மெதுவா பேசும்மா. புள்ள இப்பத்தான் கண்ணசந்தா."

அப்போதுதான் மூலையில் இருந்த கட்டில் கண்ணில் பட்டது. அதில் ஒரு சிறுமி, தையல்காரியின் மகள் வயதுதான் இருக்கும். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு ஏறி இறங்கியது.

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். "புள்ளைக்கு... என்ன?"

"நுரையீரல் கெட்டுப்போச்சு. எல்லாம் பட்டறைத் தூசு."

"இத்தனூண்டு புள்ள பட்டறைக்கு எதுக்குப் போச்சு?"

அந்தப் பெண் தன் மகளின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"எங்கயும் போகல. இவ அப்பா குளிக்காம வீட்டுக்கு வந்தாரு."