மரமல்லிக்கு அடியில்

அந்த மனிதர் புல்தரையில் கால் வைக்காமல் ஓரத்துச் செங்கல் வரிசையிலேயே நின்றார்.

தோட்டக்காரி குழாயை மடக்கிப் பிடித்துத் தண்ணீரை நிறுத்தினாள். ஆள் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நெற்றியும் விடைத்த காதும் அப்படியே அந்தப் பிள்ளைக்கு இருந்தவை.

மகளை எடுத்துப்போய் எல்லாம் முடிந்த பிறகு, விடுதியில் மிச்சமிருந்த சாமான்களை வாங்கிப்போக வந்திருந்தார். பெட்டியை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு அவளுடைய தண்ணீர் பாட்டிலை மட்டும் கையில் வைத்திருந்தார். அதில் பாதித் தண்ணீர் இன்னும் இருந்தது.

நீங்கள்தானே தண்ணி அக்கா என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

அந்தப் பெயரை வைத்ததே அவர் மகள்தான். ஆறாம் வகுப்பு. விடுதிக்குப் புதுசு. மூச்சிரைப்பு உள்ள பிள்ளை என்பதால் விளையாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஓட, இவள் குழாயின் பின்னாலேயே வருவாள். குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மழை மாதிரி தெளிக்க, தனக்கும் ஒருமுறை கொடு என்று கெஞ்சுவாள். பெயர் விடுதி முழுக்கப் பரவிவிட்டது. வீட்டில் இதைச் சொன்னபோது தோட்டக்காரியின் புருஷன், நியாயமாகப் பார்த்தால் அந்தப் பட்டம் தனக்கல்லவா வர வேண்டும் என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

போனில் பேசும்போதெல்லாம் உங்கள் பேச்சுத்தான் என்றார் அவர். பிறகு, அன்றைக்குக் காலையில் அவளை முதலில் பார்த்தது நீங்கள்தானாமே, வாட்ச்மேன் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றார்.

எந்த இடம் என்று மட்டும் காட்டினால் போதும் என்றார்.

பள்ளி முதல்வர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நோயாளிகள் அறையில், நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிள்ளை போனாள். யார் கேட்டாலும் அதுதான் பதில். தோட்டக்காரியும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

ஆனால் பிள்ளை கிடந்தது மெஸ்ஸுக்குப் பின்னால். இலைதழை கொட்டும் எருக்குழிக்கும் மதில் சுவருக்கும் நடுவில். சமையல்கட்டுக் கழிவுநீர் போகும் வாய்க்கால் ஓரம்.

வீட்டு நினைப்பு வந்தால் அவள் அங்கேதான் போய் அழுவாள். அத்தனை கட்டில் போட்ட கூடத்தில் யாருக்கும் தெரியாமல் அழ வேறு எங்கே இடம்? விடியற்காலையில் எழுந்து போனவளுக்கு அழுத அழுகையில் இழுப்பு வந்திருக்கிறது. மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து தலையணைக்கு அடியிலேயே இருந்துவிட்டது. சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முட்டை ஓடுகளுக்கும் காய்கறித் தோலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

தோட்டக்காரி கத்தவில்லை. முதலில் செய்தது, பிள்ளையின் முகத்தில் ஏறியிருந்த எறும்புகளைத் தட்டிவிட்டதுதான்.

இதை எப்படிப் பெற்ற தகப்பனிடம் சொல்வது? நோயாளிகள் அறை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கை தானாக உயர்ந்து, புல்தரைக் கோடியில் நின்ற மரமல்லியைக் காட்டியது.

அங்கேதான் என்றாள். விடிகிற நேரம், பூவெல்லாம் கொட்டிக் கிடந்தது என்றாள். ஆரம்பித்த பிறகு பொய் தானாகவே வளர்ந்தது. தலைமுடியிலும் மடியிலும் பூ கிடந்தது என்றாள். காற்று சில்லென்று இருந்தது என்றாள்.

"முகத்துல ஒரு கஷ்டமும் தெரியல சார். தூங்குதுன்னுதான் நினைச்சேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் நடந்தார். மரத்தடியில் போய் உட்கார்ந்தார். வேரைத் தடவினார். உதிர்ந்து கிடந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கைக்குட்டையை விரித்து, ஒரு பிடி மண்ணை அள்ளி அதில் வைத்து முடிந்தார்.

தோட்டக்காரி அந்த முடிச்சையே பார்த்தாள்.

பிள்ளை ஒரு நிமிஷம்கூட மூச்சுக்குத் தவிக்காத மண். அதைப் போய் இந்த மனுஷன் காலமெல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பார். வேலை போனால் போகிறது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அவர் எழுந்து வந்ததும் எதிரே போய் நின்றாள். ஒரு விஷயம் சார், அந்த இடம் வந்து, என்று தொடங்கினாள்.

வேண்டாம் என்பதுபோல அவர் கையைக் காட்டினார்.

நர்ஸ் ஒரு கட்டிலைக் காட்டினாராம். புது விரிப்புப் போட்டு வைத்திருந்ததாம். வார்டன் மாடி வராந்தாவைக் காட்டினாராம். மற்றவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொடுத்த முதல்வர் அம்மாவே, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியில்தான் என்றாராம். கோபமே இல்லாமல் சொன்னார். வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்ததுபோன்ற களைப்புத்தான் குரலில் இருந்தது.

பிறகு கைக்குட்டை முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார்.

"நீங்க காட்டின இடம்தாம்மா நல்லா இருக்கு. நாளைக்கு அவ அம்மா வருவா. உங்களைத் தேடிக்கிட்டுத்தான் வருவா. அவளுக்கும் இதையே காட்டுங்க."