பூசணிக்காய்க் கறை

"கறை மட்டும் இல்லீங்க, இந்தக் கோடும் இருந்த இடம் தெரியாம போயிடணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

முருகானந்தம் இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். அரியமங்கலத்தில் அந்த கார் பாலிஷ் கடையின் ஷட்டர் அப்போதுதான் பாதி ஏறியிருந்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. வாசலில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு ஓரமாகச் சிதறிக் கிடந்தது.

கடைக்காரர் பெரியண்ணன் வெள்ளைக் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பானெட் ஓரத்தில் ஓடிய நாலைந்து கோடுகளை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"நகம் சிக்கல சார். பெயிண்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்டிங்கோட நின்னுடுச்சு, கலருக்குள்ள இறங்கல. பாலிஷ் பேஸ்ட் தடவி மிஷின்ல ஓட்டினா போயிடும்."

"அப்ப உடனே ஆரம்பிச்சுடுங்க."

"வீடு எங்க சார்?"

"ஸ்ரீரங்கம்."

"அங்கேயே கடை இருக்கே. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ஸ்ரீரங்கத்தில் எந்தக் கடையில் நிறுத்தினாலும், தெரிந்தவர் யாராவது எட்டிப் பார்த்து, 'வண்டிக்கு என்ன ஆச்சு?' என்று விசாரிப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதானே முருகானந்தம் விடிந்ததும் விடியாததுமாகக் காவிரிப் பாலம் தாண்டி, ஊரின் இன்னொரு கோடிக்கு ஓடி வந்திருக்கிறார்!

நேற்று மாலை, ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர் சாலையில் சரியான மழை. வைப்பர் அடித்தும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று முன்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது சாலை ஓரத்தில் கறுப்பாக ஏதோ கிடந்த மாதிரி இருந்தது. நாயா, மூட்டையா, மனுஷ உயிரா? இறங்கிப் பார்த்திருக்கலாம். அதற்குத் தைரியம் வரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கிற தைரியம் மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஹெட்லைட்டுக்குக் கீழே பழுப்புச் சிவப்பில் கறை. அவசர அவசரமாக உறையைப் போட்டு மூடினார். சாப்பிடக் கூப்பிட்ட மனைவி மணிமேகலையிடம் தலைவலி என்றார். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை. தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம். மணமேடையில் தாரை வார்க்க வேண்டிய அப்பன் ஜெயிலில் இருந்தால்?

"எதுல சார் மோதினீங்க?" என்று பெரியண்ணன் கேட்டார்.

"நாய்... நாய்னுதான் நினைக்கிறேன்."

"இறங்கிப் பாக்கலையா?"

"நல்ல மழைங்க."

பெரியண்ணன் டார்ச்சை எடுத்து பம்பருக்குள் அடித்துப் பார்த்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. முருகானந்தத்துக்கு முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒரு வழியாக எழுந்த பெரியண்ணன், வாய்விட்டுச் சிரித்தார்.

"நாயும் இல்ல, பேயும் இல்ல சார். பூசணிக்காய்!"

"என்னது?"

"நேத்து ஊரெல்லாம் திருஷ்டி கழிச்சு ரோட்டுல உடைச்சுப் போட்டிருக்காங்கல்ல? அதுல ஏதோ ஒண்ணு உடையாம உருண்டு வந்து உங்க பம்பர்ல அடிச்சிருக்கு. குங்குமம் மழையில கரைஞ்சா இப்படித்தான் பழுப்பா பிடிச்சுக்கும்."

"அப்ப இந்தக் கோடு?"

"பூசணிக்காய்க்குள்ள சில்லறை போடுவாங்களே, அந்தக் காசு கீறினது."

முருகானந்தம் பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். "ரங்கநாதா!" என்றார். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"பூசணிக்காயாங்க! இதுக்குப் போயி ராத்திரி பூரா செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"எந்த ரோட்டுல சார்?"

"மேலூர் ரோடு. வாழைத்தோப்பு தாண்டி ஒரு வளைவு வருமே, அங்கதான்."

"எத்தனை மணி இருக்கும்?"

"ஆறே முக்கால்." பயம் தெளிந்த வாய் கேட்காததையும் கொட்டியது. "கண்ணாடியில பார்த்தேங்க, ஓரமா கிடந்துச்சு. பூசணிக்காய்னு தெரியாம அலறியடிச்சு ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்!"

"குங்குமம் கிளியர் கோட்டிங்ல நல்லா ஏறிடுச்சு சார். நுரை போட்டு அரை மணி நேரம் ஊற வைக்கணும். எதிர்ல டிபன் கடை இருக்கு, சாப்பிட்டு வாங்க. சாவி மட்டும் இருக்கட்டும்."

நேற்று மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் அவருக்குப் பசித்தது. பொங்கல் சாப்பிட்டார், வடை சாப்பிட்டார், இன்னொரு வடையும் கேட்டு வாங்கிக்கொண்டார். காபி வருவதற்குள் வீட்டுக்கு போன் போட்டார்.

"மணி, தலைவலி விட்டுடுச்சு. சாயங்காலம் கல்யாணப் பத்திரிகை மாடல் பார்க்கப் போலாம், ரெடியா இரு."

வாயைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்தவர், கடை வாசலில் அப்படியே நின்றார். காரில் நுரையைக் காணோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பட்டிருக்கவில்லை. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் கறையை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர், "மேலூர் ரோடு, ஆறே முக்கால்" என்று முணுமுணுத்தபடி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க... பூசணிக்காய்னு சொன்னீங்களே?" முருகானந்தம் பெரியண்ணனைப் பார்த்தார்.

பெரியண்ணன் கையிலிருந்த துணியைப் பிரித்துக் காட்டினார். பம்பர் வலையில் சிக்கியிருந்த இரண்டு பச்சைக் கண்ணாடித் துண்டுகள், வளைந்த வாக்கில் அதில் கிடந்தன.

"பூசணிக்காய்க்கு ஏது சார் வளையல்?"